பாறைத் துளைகளைக் கண்ணாடியில் பார்க்க: வாசகர் கேள்வி-பதில்

எண்ணெய் தேங்கிய பாறையின் நுண்துளைகளைப் போன்ற ஒரு வலையைக் கண்ணாடியிலோ சிலிக்கானிலோ செதுக்கி, அதற்குள் நீர் எண்ணெயை எப்படித் தள்ளுகிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பதை மைக்ரோமாடல் சோதனை என்கிறார்கள். வலை செதுக்கிய அந்தத் துண்டுதான் சிப். அதைப் பற்றி வந்த கடிதங்களில், சோதனை மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு உதவக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நிஜமான பாறைத் துண்டில் நீர் செலுத்திப் பார்க்கும் வசதி எங்கள் துறையில் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தச் சிப்?

பாறைத் துண்டு எவ்வளவு எண்ணெய் வந்தது என்று சொல்லும். மிச்சம் ஏன் வரவில்லை என்று சொல்லாது. உள்ளே போன நீர், வெளியே வந்த எண்ணெய், இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம், இந்த மூன்றும்தான் உங்கள் கைக்குக் கிடைக்கும். எக்ஸ்ரே டோமோகிராஃபி பாறைக்குள்ளேயும் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண ஆய்வகக் கருவியில் ஒரு முழுப் படம் எடுத்து முடிப்பதற்குள், சில மில்லி விநாடிகளில் நடந்து முடியும் துளை நிறைவுகள் ஏராளமாகக் கடந்துபோயிருக்கும்.

இந்த ஆவல் புதிதல்ல. 1952இல் சாட்டனெவர், கல்ஹூன் இருவரும் கண்ணாடி மணிகளை இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்பி நீரும் எண்ணெயும் நகர்வதைப் பார்த்தார்கள். 1961இல் மட்டாக்ஸும் கைட்டும் கண்ணாடியிலேயே நுண்குழாய் வலையைச் செதுக்கினார்கள். 1988இல் லெனார்மண்டும் உடன் ஆய்வாளர்களும் இரு திரவங்களின் பாகுநிலை விகிதத்தையும் நுண்புழை எண்ணையும் (பாகு விசைக்கும், திரவங்கள் சந்திக்கும் பரப்பின் இழுவிசைக்கும் உள்ள விகிதம்) இரு அச்சுகளாக வைத்து, தள்ளும் திரவம் எங்கே சீராக முன்னேறும், எங்கே விரல் விரலாகப் பிரியும் என்று ஒரு வரைபடமே போட்டுக் கொடுத்தார்கள். இன்றும் ஒரு சோதனையைத் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த வரைபடத்தில் நம் சோதனை எந்த இடத்தில் விழுகிறது என்பதைத்தான்.

ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 'எப்படி' என்ற கேள்விக்குச் சிப், 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பாறை.

கேள்வி: புதிதாக ஆரம்பிக்கிறோம். பி.டி.எம்.எஸ். சிலிக்கோன் ரப்பரில் செய்வது எளிது என்கிறார்கள். கண்ணாடிதான் வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

உள்ளே என்ன திரவம் போகப்போகிறது என்பதைப் பொறுத்தது.

பி.டி.எம்.எஸ். செய்முறை எளிது. மூலப் பிசினையும் இறுக்கியையும் எடை அளவில் பத்துக்கு ஒன்று கலந்து, வெற்றிடத்தில் குமிழி போக்கி, அச்சின் மேல் ஊற்றி, 70 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் காட்டிக் கண்ணாடித் தகட்டோடு ஒட்டவைக்கலாம். காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் சிப் கையில் இருக்கும்.

சிக்கல் எண்ணெயில் வருகிறது. ஹெக்சேன், ஹெப்டேன், டொலுயீன் போன்ற ஹைட்ரோகார்பன்களை இந்த ரப்பர் உறிஞ்சி ஊதிப்போகும். தனித் துண்டாக ஹெப்டேனில் போட்டால் அதன் நீளமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். சிப்பில் ஒரு பக்கம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் அந்த வீக்கம் துளைக் கழுத்துகளை, அதாவது துளைகளை இணைக்கும் குறுகிய வழிகளை, நோக்கித் தள்ளும். 40 மைக்ரான் என்று வடிவமைத்த கழுத்து சோதனை நடக்க நடக்கச் சுருங்கிக்கொண்டே போகும்; நீங்கள் அளக்கும் அழுத்த உயர்வு எண்ணெயால் வந்ததா, சுவர் நகர்ந்ததால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. சிலிக்கோன் எண்ணெயைப் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள், அதுவும் ஊறும். நீர், கிளிசரால், ஃபுளோரினேற்றப்பட்ட எண்ணெய்கள் ஆகியவை பெரும்பாலும் தொந்தரவு தராதவை. அழுத்தம் ஏறினால் ரப்பர் வளைவதும், வாயு சுவர் வழியே ஊடுருவுவதும் கூடவே வரும் குறைகள்.

ஆகவே பாய்வைக் கற்றுக்கொள்ளவும், பாலிமர் கரைசலின் ஓட்டத்தைப் பார்க்கவும், வடிவமைப்பைச் சரிபார்க்கவும் பி.டி.எம்.எஸ். போதும். கச்சா எண்ணெய், கரைப்பான், வெப்பம், அழுத்தம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் கண்ணாடிக்கோ சிலிக்கானுக்கோ போய்விடுங்கள்.

கண்ணாடியை அமிலத்தால் அரிக்கும்போது அரிப்பு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 30 மைக்ரான் ஆழம் வேண்டுமென்றால் திறப்பின் இரு பக்கமும் 30, 30 மைக்ரான் விரியும். எனவே எந்தக் கால்வாயும் ஆழத்தைப் போல இரு மடங்குக்குக் குறைவான அகலத்தில் வராது. இதை மறந்து முகமூடி (அமிலம் எங்கே படக்கூடாது என்று மறைக்கும் வார்ப்பு) வரைந்தால் மணல்துகள் போல வைத்த தூண்கள் கரைந்தே போகும். சிலிக்கானில் உலர் அரிப்பு முறையில் செங்குத்துச் சுவர் கிடைக்கும். 350 முதல் 450 டிகிரியில், சில நூறு முதல் 1000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்து போரோசிலிகேட் கண்ணாடியால் மூடலாம். ஒரு பக்கம் ஒளி ஊடுருவாது என்பதால், மேலிருந்து ஒளி விழும் நுண்ணோக்கி தேவை. அது இல்லாத கூடத்தில் சிலிக்கான் சிப் வாங்கி வைத்துப் பயனில்லை.

கேள்வி: எங்கள் சிப் 2 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 30 மைக்ரான் ஆழம், புரைமை (மொத்தக் கொள்ளளவில் துளைகளின் பங்கு) 0.5. கழுத்துகள் 40 மைக்ரான். நீரை நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் செலுத்துகிறேன். நெறியாளர் 'அதிகம்' என்கிறார். எவ்வளவுதான் செலுத்துவது?

நெறியாளர் சொல்வது சரி. முந்நூறு மடங்குக்கு மேல் அதிகம். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இந்தத் துறையில் இதைவிட முக்கியமான கணக்கு வேறில்லை.

கிணற்றிலிருந்து தள்ளியிருக்கும் பாறையில் நீர் நாளொன்றுக்குச் சுமார் ஓர் அடி நகரும் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. அது விநாடிக்கு 3.5 மைக்ரான். உங்கள் சிப்பின் குறுக்குப் பரப்பு 10 மி.மீ. பெருக்கல் 0.03 மி.மீ., அதாவது 0.3 சதுர மி.மீ. புரைமை பாதி என்பதால் திரவம் ஓட 0.15 சதுர மி.மீ. தான். இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.03 மைக்ரோலிட்டர். சிப்பின் மொத்தத் துளைக் கொள்ளளவு 3 மைக்ரோலிட்டர். அது ஒரு முறை நிறைய ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம் ஆகும். நீங்கள் செலுத்தும் வேகத்தில் 18 விநாடியில் முடிந்துவிடுகிறது.

இப்போது விசைகளைப் பாருங்கள். பாகுநிலையை வேகத்தால் பெருக்கி இடைமுக இழுவிசையால் வகுத்தால் வருவது நுண்புழை எண். நீரின் பாகுநிலை 1 மில்லிபாஸ்கல் விநாடி, இடைமுக இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் என்றால், மெதுவான ஓட்டத்தில் அந்த எண் சுமார் 10⁻⁷. உங்கள் ஓட்டத்தில் 4×10⁻⁵-ஐ நெருங்குகிறது. பாறையில் சிக்கிய எண்ணெய்த் துளிகள் நகரத் தொடங்குவது 10⁻⁵-ஐத் தாண்டி, 10⁻⁴, 10⁻³ பக்கம் போகும்போதுதான். அதாவது, நிலத்தடியில் அசையாமல் நிற்கும் எண்ணெயை நீங்கள் வேகத்தாலேயே அசைக்கும் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். பிறகு சர்ஃபாக்டன்ட் (இடைமுக இழுவிசையைக் குறைக்கும் சோப்பு போன்ற பொருள்) போட்டு முன்னேற்றம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதற்குப் பொருள் இருக்காது.

அழுத்தத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 40 மைக்ரான் அகலமும் 30 மைக்ரான் ஆழமும் உள்ள கழுத்தில் நுழைய, சுவரை நனைக்காத திரவத்துக்கு ஏறத்தாழ 3500 பாஸ்கல் வேண்டும். சிப்பின் உட்புகுதிறன் (திரவத்தை எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்பதன் அளவு; அலகு டார்சி) 5 டார்சி என்று வைத்துக்கொண்டால், 0.03 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் சிப்பின் முழு நீளத்துக்கும் உராய்வால் விழும் அழுத்தம் 7 பாஸ்கல் கூட இல்லை. 3500-க்கு எதிரே 7. மெதுவான ஓட்டத்தில் எந்தத் துளை முதலில் நிறையும் என்பதை முடிவு செய்வது பம்ப் அல்ல, கழுத்தின் அளவு. அந்த ஆதிக்கம் சிப்பிலும் அப்படியே இருக்கும்படி ஓட்டத்தை வைத்தால்தான் சிப் பாறையைப் பற்றி ஏதாவது சொல்லும். படத்தில் துளைகள் மணற்கல் போலத் தெரிகிறதா என்பது அதற்கு அடுத்துதான்.

வேகமான ஓட்டமே கூடாது என்பதல்ல. கிணற்றை ஒட்டிய பாறையில் வேகம் பன்மடங்கு அதிகம். அந்தப் பகுதியைத்தான் ஆராய்கிறீர்கள் என்றால் 10 மைக்ரோலிட்டரும் சரியே. ஆனால் அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். எந்த ஓட்டத்தில் செய்தாலும் நுண்புழை எண், பாகுநிலை விகிதம், சேர்கோணம் (திரவங்களின் எல்லை சுவரைத் தொடும் கோணம்) மூன்றையும் எழுதாத அறிக்கையை வேறொருவர் தன் முடிவோடு ஒப்பிடவே முடியாது.

உட்புகுதிறனை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். எண்ணெய் நுழையும் முன்பே நீர் மட்டும் ஓடும்போது 5, 10, 15, 20 மைக்ரோலிட்டர் வேகங்களில் அழுத்த வித்தியாசத்தைக் குறித்து, கோடு போட்டுச் சாய்விலிருந்து எடுக்கலாம். 5 டார்சி சிப்பில் 10 மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 2200 பாஸ்கல் வரும். புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் எங்கேயோ குமிழி இருக்கிறது, அல்லது ரப்பர் சிப் விரிகிறது.

கேள்வி: 0.03 மைக்ரோலிட்டருக்குக் குறைத்துவிட்டேன். 10 மி.லி. சிரிஞ்ச். இப்போது முகப்பு (இரு திரவங்களும் சந்திக்கும் எல்லை) நிமிடக்கணக்கில் நின்று, திடீரென்று பல துளைகளைத் தாண்டிக் குதிக்கிறது. இதுதான் ஹெய்ன்ஸ் தாவலா?

ஒரு பகுதி அதுவாக இருக்கலாம். பெரும்பகுதி உங்கள் சிரிஞ்ச்.

கழுத்தைக் கடந்ததும் முகப்பு அகன்ற துளைக்குள் சட்டென்று பாய்வது இயற்கை. 1930இலேயே ஹெய்ன்ஸ் விளக்கிவிட்டார். ஆனால் பம்ப் செய்யும் தாவலை அதிலிருந்து பிரிக்க வேண்டும். 10 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 14.5 மி.மீ. பம்பின் திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்ந்து, ஒரு சுற்றை 3200 சிறு படிகளாகப் பிரிக்கிறது என்று கொள்வோம். ஒரு படிக்கு 0.3 மைக்ரான், வெளியேறும் திரவம் 0.05 மைக்ரோலிட்டர். அதாவது ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை பம்ப் ஓர் உதை உதைக்கிறது, அந்த ஓர் உதையில் 100 மைக்ரான் சதுரமும் 30 மைக்ரான் ஆழமும் உள்ள நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட துளைகள் நிறையும் அளவுக்குத் திரவம் வருகிறது. 100 மைக்ரோலிட்டர் கண்ணாடி சிரிஞ்சுக்கு மாறினால் அதே படியில் ஒன்றிரண்டு துளை அளவுதான் வரும், விநாடிக்கு ஒரு முறை. இந்த மாற்றம் ஒன்றே உங்கள் பிரச்சினையில் பாதியைத் தீர்க்கும்.

மறுபாதி குழாயில் ஒளிந்திருக்கும் காற்று. வெறும் 5 மைக்ரோலிட்டர் குமிழி இருந்தால் போதும். முகப்பு ஒரு கழுத்தில் நின்று 3500 பாஸ்கல் வரை அழுத்தம் ஏறும்போது குமிழி 0.17 மைக்ரோலிட்டர் சுருங்கும். கழுத்து வழிவிட்டதும் அவ்வளவும் ஒரே மூச்சில் வெளியே வரும். அது ஐந்நூறுக்கும் மேற்பட்ட துளைகளின் கொள்ளளவு. பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனையும், நீளமான சிலிக்கோன் குழாயும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடி சிரிஞ்ச், விறைப்பான பீக் அல்லது டெஃப்ளான் குழாய், முடிந்தவரை குறைந்த நீளம் என்று மாற்றுங்கள்.

சோதித்துப் பார்க்க வழி: பம்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகும் முகப்பு ஊர்ந்துகொண்டே இருந்தால் எங்கேயோ அழுத்தம் சேமிக்கப்பட்டிருக்கிறது. தாவல்கள் ஒரே இடைவெளியில் வந்தால் அது மோட்டார். ஒழுங்கில்லாமல் வந்து, ஒவ்வொன்றும் கழுத்தில் தொடங்கித் துளையில் முடிந்தால் அது இயற்பியல். தாவலின் வேகத்தையே அளக்க வேண்டுமென்றால் விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா உதவாது. ஆயிரம் படங்களுக்கு மேல் தேவை.

கேள்வி: நீரிலிருந்து சர்ஃபாக்டன்ட் கரைசலுக்கு மாற்றி ஒரு நாள் ஆகிறது. சிப்பில் ஒரு மாற்றமும் இல்லை. கரைசல் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டலாமா?

கூடாது. கரைசல் இன்னும் சிப்புக்கு வந்தே சேர்ந்திருக்காது. அரை மி.மீ. உள்விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு 59 மைக்ரோலிட்டர், உங்கள் சிப்பைப் போல இருபது மடங்கு. நிமிடத்துக்கு 0.03 என்றால் அதைக் கடக்கவே ஏறத்தாழ 33 மணி நேரம். வந்து சேரும்போதும் குழாய்க்குள்ளேயே நீரோடு கலந்து செறிவு மழுங்கியிருக்கும். 0.1 மி.மீ. குழாய் போட்டால் கொள்ளளவு 2.4 மைக்ரோலிட்டருக்கு இறங்கும். அதைவிட நல்ல வழி, நுழைவுப் பக்கத்தில் இரண்டு வாய்கள் வைத்து வடிவமைப்பது: புதிய கரைசலை ஒரு வாயில் வேகமாக விட்டு மறுவாயில் வெளியேற்றிக் குழாயைக் கழுவிய பிறகு, அந்த வாயை மூடிச் சிப்புக்குள் திருப்பலாம்.

கேள்வி: முதலில் நீர் நிரப்பும்போது குமிழிகள் மூலைகளில் சிக்கிக்கொள்கின்றன.

காற்றை முதலில் கார்பன் டை ஆக்சைடால் விரட்டுங்கள். குறைந்த அழுத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு காற்று நீக்கிய நீர். மிஞ்சும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் நீரில் கரைந்துவிடும். பிடிவாதமானவற்றுக்கு வெளிவாயில் ஒன்றிரண்டு பார் எதிரழுத்தம் கொடுத்துக் காத்திருங்கள். உப்புநீரில் கால்சியம் அதிகமிருந்தால் முதலில் தூய நீரால் நிரப்பிவிட்டுப் பிறகு மாற்றுவது நல்லது.

கேள்வி: ஒரே சிப், ஒரே திரவங்கள், ஒரே ஓட்டம். முதல் முறை நீர் சீராகப் பரவியது, இரண்டாம் முறை விரல் விரலாக ஓடியது. ஏன்?

சுவர் மாறிவிட்டது. மைக்ரோமாடல் சோதனைகள் திரும்பச் செய்தால் ஒத்துவராமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். ஆனால் கடைசியாகச் சந்தேகிக்கப்படுவதும் இதுதான்.

பிளாஸ்மா காட்டிய பி.டி.எம்.எஸ். நீரை விரும்பும், சில மணி நேரத்தில் அந்த விருப்பம் குறைந்து பழையபடி நீரை ஒதுக்கத் தொடங்கும். காலையில் ஒட்டிய சிப்பை மாலையில் பயன்படுத்தினால் அது வேறு சிப். பிளாஸ்மா முடிந்ததும் நீர் நிரப்பி வைத்தால் மாற்றம் தாமதப்படும். கண்ணாடி இந்த அளவுக்கு மாறாது என்றாலும், காற்றில் திறந்து கிடந்தால் கரிமப் படலம் படிந்து சேர்கோணம் ஏறும். கச்சா எண்ணெய் ஒரு முறை தொட்ட கண்ணாடியில் அஸ்பால்டீன் (கச்சா எண்ணெயின் கனமான, ஒட்டும் பகுதி) ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீர்ப்படலம் அந்த இடத்தில் நிற்காது.

வேண்டுமென்றே எண்ணெய் விரும்பும் சுவர் செய்ய சிலேன் பூச்சு போடுவார்கள். கரைப்பானில் துளி ஈரம் இருந்தாலும் சிலேன் தனக்குள்ளேயே கோத்துக்கொண்டு வெள்ளைத் துகளாகி கழுத்துகளை அடைக்கும். எனவே உலர்த்திய டொலுயீன், உலர் சிப், உலர் குழாய். முடிந்ததும் முதலில் டொலுயீன், பிறகு ஆல்கஹால் என்று கழுவ வேண்டும்.

ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்: சிப்புக்குச் செய்யும் ஒவ்வொரு சுத்திகரிப்பையும் பூச்சையும், அதே கண்ணாடியின் ஒரு தட்டைத் துண்டுக்கும் கூடவே செய்யுங்கள். அந்தத் துண்டில் முன்னேறும் சேர்கோணத்தையும் பின்வாங்கும் சேர்கோணத்தையும் ஒவ்வொரு சோதனைக்கும் முன் அளந்து எழுதுங்கள். 75 டிகிரிக்குக் கீழே நீர் விரும்பும் சுவர், 105-க்கு மேலே எண்ணெய் விரும்பும் சுவர், நடுவில் நடுநிலை என்பது வழக்கமான பிரிவு. இரு கோணங்களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் சுவர் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று பொருள். அந்தச் சிப்பில் எதையும் தொடங்க வேண்டாம்.

களிமண் சம்பந்தப்பட்ட குறை-உப்பு நீர் ஆய்வுக்கு வெறும் கண்ணாடி போதாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கயோலினைட் களிமண்ணைச் சிப்பின் சுவர்களில் படியவைத்து அந்த வகைச் சோதனைக்கு வழிகாட்டினார்கள்.

கேள்வி: படத்தைப் பகுத்தாய்ந்ததில் 78 சதவீத எண்ணெய் வெளியேறியிருக்கிறது. எண்ணெய் வயலில் இதே அளவு கிடைக்கும் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மூன்று காரணங்கள் இருக்கின்றன, முதலாவதுதான் ஆழமானது.

சிப் இருபரிமாணம். தட்டையான வலையில் நீர் இடமிருந்து வலமாக ஒரு தொடர் பாதை போட்டுவிட்டால் எண்ணெயால் மேலிருந்து கீழாக ஒரு தொடர் பாதை வைத்திருக்க முடியாது. மூலைகளில் ஓடும் மெல்லிய படலம் மட்டுமே விதிவிலக்கு. பாறையில் ஒன்றின் மேல் ஒன்று தாண்டிப் போக மூன்றாவது பரிமாணம் இருக்கிறது, இரண்டு திரவங்களும் ஒரே நேரத்தில் தொடர்ந்து ஓடும். சதுர வலையில் தொடர் பாதை உருவாக 59 சதவீதப் புள்ளிகள் திறந்திருக்க வேண்டும். கனசதுர வலையில் 31 சதவீதம் போதும். இந்த வித்தியாசம் சிக்கும் எண்ணெயின் அளவிலும் எதிரொலிக்கும். இதோடு சீரான ஆழம் என்ற கட்டுப்பாடும் சேர்கிறது: துளையிலும் கழுத்திலும் ஆழம் ஒன்றே என்பதால் வளைவு வித்தியாசம் குறைவு, அதனால் பாறையில் சகஜமான ஒன்று, அதாவது எண்ணெய் இழை கழுத்தில் அறுந்து துளியாகச் சிக்குவது, சிப்பில் அரிதாகிறது. துளையை ஆழமாகவும் கழுத்தை மேலோட்டமாகவும் அரிக்கும் இரண்டரைப் பரிமாணச் சிப்கள் இதற்காகவே வந்தன.

இரண்டாவது, விளிம்பு. நேர்கோடான பக்கச் சுவரை ஒட்டி அகன்ற வழி உருவாகி நீர் அதில் நழுவி ஓடிவிடும். தூண்களைச் சுவரிலேயே பாதியாக வெட்டி வைத்தால் குறையும். பகுத்தாய்வில் நுழைவு, வெளிவாய்ப் பக்கங்களில் சில துளை நீளத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, படம். 40 மைக்ரான் கழுத்துக்குக் குறுக்கே பத்துப் பிக்சலாவது வேண்டும். 2 செ.மீ.க்கு 1 செ.மீ. சிப்பை ஒரே படத்தில் அப்படி எடுக்க 5000-க்கு 2500, அதாவது 12.5 மெகாபிக்சல். காலிச் சிப்பின் படத்தால் வகுத்து ஒளி ஏற்றத்தாழ்வை நீக்கிவிட்டு, பிறகு வரம்பு வெட்டுங்கள், அதாவது ஓர் ஒளி அளவை எல்லையாக வைத்து ஒவ்வொரு பிக்சலையும் எண்ணெய் அல்லது நீர் என்று பிரியுங்கள். அப்போதும் முகப்பின் வளைவு ஆழத்தில் பாதி அளவுக்கு, அதாவது 15 மைக்ரான் வரை, கரும்பட்டையாக விழும். அதை எண்ணெயில் சேர்ப்பதா நீரில் சேர்ப்பதா என்பதிலேயே சில சதவீதம் போய்விடும். இரண்டு விதமாகவும் கணக்கிட்டு இடைவெளியோடு எழுதுங்கள்.

78 என்ற எண்ணுக்குப் பயன் இல்லாமல் இல்லை. அதே சிப்பில், அதே சுவரில், வெறும் நீரோடு 61 வந்து இன்னொரு கரைசலோடு 78 வந்தால் அந்த வித்தியாசம் பேசத் தகுந்தது, குறைந்தது மூன்று முறை திரும்பச் செய்து ஒத்துவந்திருந்தால்.

கேள்வி: எண்ணெய்க்கு நிறமேற்ற எந்தச் சாயம்?

சாதாரண ஒளிக்கு ஆயில் ரெட் ஓ, ஒளிர்வுக்கு நைல் ரெட். நீரில் ஃபுளோரெசின் போடுபவர்கள் அமிலத்தன்மை மாறினால் அதன் ஒளிர்வும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். எதைப் போட்டாலும், போடுவதற்கு முன்னும் பின்னும் இடைமுக இழுவிசையைத் தொங்குதுளி முறையில் அளக்க வேண்டும். டெக்கேன், கனிம எண்ணெய் போன்றவற்றை முன்கூட்டியே அலுமினா அல்லது சிலிக்கா ஜெல் நிரலில் வடிகட்டினால் மறைந்திருக்கும் பரப்பு ஈர்ப்பு அழுக்குகள் நீங்கும்.

கேள்வி: பாலிமர் கரைசல் செலுத்தினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. நல்ல அறிகுறியா?

ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் அடைப்பு.

பாலிஅக்ரிலமைடு தூளை நீரில் கொட்டினால் மேலே ஈரமாகி உள்ளே உலர்ந்த கட்டிகள் உருவாகும். சுழலும் நீரின் சரிவில் தூளை மெதுவாகத் தூவி, பிறகு கலக்கியின் வேகத்தைக் குறைத்து ஒரு நாள் முழுக்கக் கரையவிட வேண்டும். வேகமாகக் கலக்கினால் நீண்ட சங்கிலிகள் அறுந்து பாகுநிலை போய்விடும். மெல்லிய ஊசியில் வேகமாகத் தள்ளினாலும் அதே கதி. உப்பு, குறிப்பாகக் கால்சியம், சங்கிலியைச் சுருட்டிப் பாகுநிலையைக் குறைக்கும், ஆகவே அளவீடுகளைச் சோதனை உப்புநீரிலேயே செய்யுங்கள். கரைசலைக் குறைந்த அழுத்தத்தில் வடிகட்டி, முதலில் வடியும் நேரமும் கடைசியில் வடியும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிப் பகுதி மிக மெதுவாக வடிந்தால் அந்தக் கரைசல் சிப்புக்கு உகந்ததல்ல.

சிப்பின் நுழைவில், கழுத்தைவிடக் குறுகிய இடைவெளியில் ஒரு வரிசைத் தூண்களை வைத்தால் கட்டிகள் அங்கேயே நிற்கும், கண்ணுக்கும் தெரியும். கடைசியில் பாலிமர் இல்லாத உப்புநீரைத் திரும்பச் செலுத்தி உட்புகுதிறன் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால், சுவரில் ஒட்டித் தங்கியது எவ்வளவு என்று தெரியும்.

கேள்வி: கச்சா எண்ணெய் பயன்படுத்திய சிப்பை ஹெக்சேனால் கழுவினேன். இப்போது பழுப்புப் புள்ளிகள் போகவே மாட்டேன் என்கின்றன.

ஹெக்சேன், ஹெப்டேன் போன்றவை அஸ்பால்டீனைக் கரைப்பதில்லை, வீழ்படிவாக்கும். நீங்கள் கழுவவில்லை, படியவைத்திருக்கிறீர்கள். இளஞ்சூட்டில் டொலுயீனை மெதுவாக, வெளியே வருவது நிறமற்றுப் போகும் வரை ஓட்டிப் பாருங்கள். ஓட்டத்தைச் சில மணி நேரம் நிறுத்தி ஊறவிட்டு மீண்டும் ஓட்டுவது பலன் தரும். பிறகு ஐசோபுரொப்பனால், அதன் பிறகே நீர். டொலுயீனுக்கு நேராக நீரை அனுப்பினால் இரண்டும் கலக்காமல் துளிகளாகச் சிக்கும். இனி எப்போதும் இந்த வரிசைதான்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்திலேயே ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் கண்ணாடி அரிக்கலாமா?

அதற்கென்று பயிற்சி பெற்றவர், தனிப் புகைக்கூண்டு, உரிய கையுறை, முகக்கவசம், பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல், இவை எல்லாம் இல்லாத இடத்தில் வேண்டாம். இந்த அமிலம் தோலில் பட்டதும் வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தைப் பாதிக்கும். வடிவமைப்பை மட்டும் செய்து, அரிப்பு வசதியுள்ள கூடத்தில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்ஃபாக்டன்ட் போனதும் சிப் முழுக்கப் பால் போல வெளுத்துவிட்டது. எது எண்ணெய், எது நீர் என்று பிரிக்கவே முடியவில்லை.

உப்பின் அளவு பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. சர்ஃபாக்டன்ட் கலவையில் உப்பு குறைவாக இருந்தால் எண்ணெய் நீர்ப்பகுதிக்குள் கரையும்; அதிகமானால் நீர் எண்ணெய்ப்பகுதிக்குள் போகும்; இடையில் ஒரு குறுகிய எல்லையில் மட்டும் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு தெளிந்த அடுக்கு உருவாகும். அங்கேதான் இடைமுக இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டனிலிருந்து 10⁻³ வரை விழும். ஓட்டத்தைத் தொடாமலே நுண்புழை எண் முப்பதாயிரம் மடங்கு ஏறி, சிக்கிய துளிகள் நகரத் தொடங்கும்.

அந்த எல்லையைச் சிப்பில் தேடாதீர்கள். அளவுகோடிட்ட சோதனைக் குழாய்களில் சம அளவு எண்ணெயும் கரைசலும் எடுத்து, உப்பை அரை சதவீதத்திலிருந்து படிப்படியாகக் கூட்டி, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, சோதனை நடக்கும் அதே வெப்பநிலையில் அடுக்குகளின் உயரம் மாறாமல் நிற்கும் வரை வையுங்கள். நாள்கள் ஆகும், சில கலவைகளுக்கு வாரங்களும் ஆகும். சிப்பில் ஏற்கெனவே தங்கியிருக்கும் உப்புநீர் வேறு செறிவில் இருந்தால் கலவை உள்ளே போனதும் எல்லையிலிருந்து நழுவிவிடும். எனவே முன்னதாகவே அதே உப்பளவுள்ள நீரால் மாற்றிவிடுங்கள். நடு அடுக்கு இரு சாயங்களையும் கரைத்துக்கொள்வதால் ஒற்றை வரம்பு வெட்டும் படப் பகுப்பு இங்கே தோற்கும். எண்ணெய்க்கும் நீருக்கும் வேறு வேறு நிறத்தில் ஒளிரும் சாயங்களைப் போட்டு, இரண்டு வடிகட்டியில் தனித்தனியாகப் படமெடுத்தால் மூன்றும் பிரிந்து தெரியும். சோதனைக் குழாயில் நடு அடுக்கு தெளியாத கலவையைச் சிப்புக்குள் அனுப்ப வேண்டாம்.